கேற்றடியில் நின்றவன்

மாசி மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் என் மகள் வகுப்பு முடிந்து வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தன்னை ஒருவன் பின்தொடர்கிறான் என்று சொன்னாள். நான் நம்பினேன். என் பிழை முழுவதும் அந்த நம்பிக்கைக்குள்தான் இருக்கிறது. மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் என்னைப் போல நம்பிவிடக்கூடிய தகப்பன்மார் இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் வீடு. முற்றத்திலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டு வேலை செய்கிறேன். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கயிற்றை இழுத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும், எது பழுதாகப் போகிறது என்று சொல்லிவிடுவேன். பழுதான பிறகு சொல்வதற்கு ஆர் தேவை? எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எஞ்சினுக்குக் கொடுக்கிற காதை மனுசருக்கும் கொடுக்கலாம் என்று என் மனைவி ஜெயந்தி பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

மகளின் பெயர் தர்ஷிகா. ஒரே பிள்ளை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் கீறப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கீறுகிற கோடு ஒரு மயிரளவும் விலகாது.

இந்த இடத்தில் என் அண்ணாவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, அவர் ஒரு நாள் சாப்பாட்டுக்கு இருந்தபடியே, தனக்குப் பின்னால் மூன்று நாளாக ஒருவன் வருகிறான் என்றார். அப்பா சிரித்தார். உன்னை ஆர் பார்க்கப் போகிறான், நீ என்ன பெரிய ஆளா என்று கேட்டார். அடுத்த கிழமை கடைக்குப் போன அண்ணா திரும்பி வரவில்லை. ஆர் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, இன்றுவரை தெரியாது. அப்பா அதன் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார். அவர் சிரித்து நான் ஒரு நாளும் காணவில்லை.

ஆகவே என் மகள் அதே வார்த்தையைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அவளைக் கதிரையில் இருத்தி, எந்த இடத்தில் கண்டாய், என்ன உடுப்பு, எத்தனை நாளாக என்று கேட்டேன். சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருவன், மோட்டார் சைக்கிளில் வருகிறான், சந்தியில் நிற்கிறான் என்றாள். சண்டை முடிந்து எவ்வளவு காலம், இப்போது எதற்கு ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிமிடம் எனக்கும் ஓடியது. அந்த எண்ணத்தை நானே துரத்திவிட்டேன். என் அப்பாவும் அப்படித்தானே யோசித்திருப்பார்.

பிறகு நான் செய்ததெல்லாம் மிகவும் கவனமாகச் செய்த வேலைகள். ஒரே பாதையால் இரண்டு நாள் போகாதே என்றேன். கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தலைமயிரைச் சரிசெய்கிற மாதிரிப் பின்னால் பார் என்றேன். போனில் வீட்டுக் கதை வேண்டாம், ஆருக்கும் சொல்லாதே, அடையாள அட்டையை உடம்போடு வைத்திரு என்றேன். இதெல்லாம் எங்கள் வயதுக்காரருக்கு ஊறிப்போன பாடம். சிம்மை மாற்றினேன். ரோட்டுப் பக்க வேலிக்குத் தகரம் அடித்தேன். அவளுடைய அறை யன்னலுக்கு உள்பக்கத்தால் பலகை அடித்தேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். பதினாறு வயதுக்குப் பிறகு அவள் என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை. இப்போது ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலுக்கு வந்து, எண்ணெய்க் கலனின் மேல் குந்திக்கொண்டு, அன்று எங்கே எங்கே அவனைக் கண்டாள் என்று எனக்கு மட்டும் சொன்னாள். தாய்க்குச் சொல்லவில்லை. அது எனக்கு இனிப்பாக இருந்தது. என் பிள்ளை என்னை நம்புகிறாள் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன், மடையன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துப் பூசைக்குப் போக வெளிக்கிட்டு நிற்கிறோம். அவள் என் சேட்டைப் பிடித்து இழுத்து, கேற்றடிக்குக் கொண்டுபோனாள்.

"அப்பா, அந்த வேம்புக்குக் கீழ நிக்கிறான். சிவப்பு ஹெல்மெட். தெரியுதா?"

வேம்புக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. ரோடு வெறுமையாகக் கிடந்தது. அவள் என் சேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் திரும்புவதற்குள் அவன் ரோட்டு முடக்கால் திரும்பிப் போயிருப்பான், என் கண்தான் சுணங்கிவிட்டது என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். அவள் அந்த இடத்தில் தனியே நிற்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"ஓம் மகள்," என்றேன். "கண்டனான்."

அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. பூசை முடியும்வரை என் கையை விடவே இல்லை.

ஜெயந்தி வேறு விசயங்களைக் கண்டுகொண்டிருந்தாள். பிள்ளை தலைக்குக் குளிப்பதை விட்டுவிட்டாள், ஒரே சட்டையை ஐந்து நாள் போடுகிறாள், ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் நிற்கிறாள், பகிடிக்குச் சிரிப்பதில்லை, தனியே இருக்கும்போது சிரிக்கிறாள் என்று அவள் ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். ஆவணியில் தர்ஷி குசினியில் சமைத்த எதையும் தொடுவதில்லை. கோதோடு அவித்த முட்டை, தோலோடு இருக்கிற வாழைப்பழம், உடைக்காத பிஸ்கட் பக்கற் மட்டும். முட்டையைக்கூடச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் உடைப்பாள். வகுப்புக்குப் போவதும் நின்றுவிட்டது. அவளுடைய வரைபடத் தாள்களை எடுத்துப் பார்த்த ஜெயந்தி அழுதாள். ஒரு கோடும் நேராக இல்லை, கோட்டுக்கு மேலே கோடு.

ஆஸ்பத்திரிக்குக் காட்டுவோம் என்று அவள் கேட்டபோது நான் பாய்ந்தேன். ஊருக்குள் ஒருவன் விசரி என்று சொன்னால் போதும், பிறகு அந்தப் பெயர் பிள்ளையின் பின்னாலேயே திரியும், பயந்த பிள்ளையை நீயே விசர் ஆக்காதே என்றேன். பழசை மறந்துவிட்டாயா என்றும் கேட்டேன். அவள் கிளிவெட்டிக்காரி. சண்டைக்காலத்தில் சனத்தைச் சுட்டுக் கொன்ற ஊர், மறக்கக்கூடியது அல்ல.

"மறக்கேல்ல," என்றாள். "என்ர மாமாவைத் தேடித் திரிஞ்சவங்கள். ரெண்டு மாசம் வைக்கல் பட்டடைக்குள்ள ஒளிச்சிருந்தவர். அங்க இருந்தும் சோறு கேட்டவர், பகிடி விட்டவர். உண்மையான பயம் எனக்குத் தெரியும். இது அது இல்லை."

நான் எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டேன். எஞ்சின் சத்தத்துக்குள் போனால் ஒருவரும் கதைக்க வர மாட்டார்கள். ஜெயந்தி தன் தமக்கையோடு வெருகல் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்து, நூல் ஒன்று கொண்டு வந்து கட்டினாள். ஞாயிறு பூசைக்குப் போகிறவள் முருகனிடம் போனாளே என்று நான் அதற்கும் நெளிந்தேன். தர்ஷி நூலை அன்றைக்கே வெட்டி எறிந்துவிட்டாள். அதற்குள் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்றாள்.

கார்த்திகையில் நசீர் நானா வந்தார். கிண்ணியாக்காரர், இருபது வருடமாக என்னிடம் எஞ்சின் தருகிறவர், தர்ஷியைத் தோளில் வைத்துத் தூக்கியவர். வழமையாகச் சின்ன லொறியில் வருவார். அன்று மகனின் மோட்டார் சைக்கிளில் வந்தார். மகனின் ஹெல்மெட்டையே போட்டிருந்தார். சிவப்பு. கேற்றைத் திறந்து உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்ற முதல், கொட்டிலிலிருந்து ஒரு பெரிய ஸ்பனர் பறந்து வந்து அவருடைய தோளில் பட்டது. கழற்றிய பிறகு இரண்டாவது ஸ்பனர் நெற்றியில் பட்டது. எறிந்தது என் மகள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறவில்லை. இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு, நசீர் மாமா, நசீர் மாமா என்று முணுமுணுத்தாள். நானா சாரத்துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தார். கோபிக்கவில்லை. அவர் அடித்திருந்தாலும் நான் பேசாமல் நின்றிருப்பேன்.

"தம்பி, புள்ளைக்குச் சுகமில்ல," என்றார். "என்ட தங்கச்சிக்கும் இப்பிடித்தான் தொடங்கின. நாங்க அஞ்சு வருசம் ஓதிப் பார்த்துக்கிட்டே இருந்துட்டம். நீ அப்பிடி இருக்காத."

ஆஸ்பத்திரி என்றால் அவள் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தர்ஷியைப் பார்த்து, எனக்குத் தையல் போட வேணும் மகள், தனியப் போக ஏலாது, நீயும் கூட வாறியா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். ஜெயந்தியோடு சேர்த்து ஒரு ஓட்டோவில் நான்கு பேரும் போனோம், நானா சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு, நெற்றியைப் பொத்தியபடி. நான் ஒன்பது மாதமாகச் செய்யாததை அந்த மனுசர் இரத்தம் ஒழுக ஒழுகச் செய்தார்.

அவருக்கு நான்கு தையல். எங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நீள வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன், என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் தெரியாது. தெரிந்தவர் ஆரும் வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப்படுகிற பயம் அன்று எனக்குத்தான் இருந்தது.

டொக்டர் இளம் வயதுப் பெண். முதலில் தர்ஷியோடு தனியே கதைத்தார். அன்றே வாட்டில் மறித்துவிட்டார்கள். அடுத்த மூன்று நாளும் சோதனைகள். இரத்தம் எடுத்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்தது போதைப்பொருள் ஏதும் பாவித்தாளா என்று அறிய. அதைக் கேட்டு நான் தாதி மிஸ்ஸோடு ஏறிப் பாய்ந்தேன். எல்லோருக்கும் பார்க்கிறதுதான் ஐயா, வேறு காரணத்தாலும் இப்படி வரலாம், அதை முதலில் கழிக்க வேண்டும் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். பிறகு மூளைக்கு ஸ்கான்.

ஸ்கான் அறைக்கு வெளியில் நின்று நான் கேட்ட வரத்தை எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டான். ஏதாவது ஒரு கட்டி இருக்கட்டும் என்று கேட்டேன். கட்டி என்றால் படத்தில் தெரியும், வெட்டி எடுக்கலாம், ஊருக்குச் சொல்லலாம். மூளை சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

இந்த வருத்தத்தை ஸ்கானும் இரத்தமும் காட்டாது, கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நாலாம் நாள் எங்கள் இருவரையும் அருகில் இருத்திக்கொண்டு, தர்ஷியிடம் சம்மதமா என்று கேட்டுவிட்டு, தொடங்கினார். குரல் ஏதும் கேட்கிறதா என்றார். ஓம் என்றாள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

"அவை உங்களோட கதைக்கிறவையோ?"

"இல்லை. என்னைப் பற்றித் தங்களுக்குள்ள கதைக்கினம்."

"என்ன கதைக்கினம்?"

தர்ஷி காதைக் கொஞ்சம் சரித்தாள். "இப்ப டொக்டரிட்டச் சொல்லுறாள் எண்டு சொல்லுகினம்."

ஜெயந்தி என் முழங்கையைப் பிடித்தாள். நீங்கள் மனதுக்குள் நினைக்கிறது மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிறது, அதனால்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன் என்று தர்ஷி சொன்னாள். பாதியில் நின்றுபோன அவளுடைய கதைகளெல்லாம் எனக்கு அப்போது விளங்கின. அவள் கதையை நிறுத்தவில்லை, நினைப்பை நிறுத்தியிருக்கிறாள்.

ஒருவன் பின்தொடரலாம். போனில் ஒட்டுக் கேட்கலாம். ஆனால் ஒரு பிள்ளை நெஞ்சுக்குள் நினைப்பதை எந்த உளவுக்காரனும் கேட்க மாட்டான். அண்ணாவின் கதையை வைத்து ஒன்பது மாதமாக நான் கட்டியிருந்ததெல்லாம் அந்தக் கதிரையில் இருந்தபடியே விழுந்துவிட்டது.

டொக்டர் அதை மனச்சிதைவு நோய் என்றார், ஸ்கிசோபிரினியா என்றும் சொன்னார். ஒரு ஆள் இரண்டு ஆளாக மாறுவது இல்லை, சினிமாவில் காட்டுகிற மாதிரியும் இல்லை என்றார். உள்ளே இருந்து வருகிறதை மூளை வெளியே இருந்து வருகிறதாக எடுத்துக்கொள்கிறது. தன்னைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கிற குரல்கள், நினைப்பு வெளியே கேட்கிறது என்பது, எவ்வளவு சொன்னாலும் அசையாத பிழையான நம்பிக்கை, இவைதான் இந்த வருத்தத்தின் அடையாளங்கள். ஒன்றிரண்டு நாள் வந்து போனால் பெயர் சொல்ல மாட்டார்கள், ஒரு மாதத்துக்கு மேல் நின்றால்தான். இந்தப் பெரிய அடையாளங்களுக்கு முன்பே சின்னவை வந்துவிடும். குளிக்காமல் விடுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது, படிப்பில் கை தளர்வது, முகத்தில் உணர்ச்சி குறைவது. எவ்வளவு வேளைக்கு மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார். ஜெயந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் எனக்கு முன்பே சொன்னவள்.

பிறகு டொக்டர் பேனையை எடுத்தார். இது எப்போது தொடங்கினது என்று கேட்டார்.

"ஒண்டரை மாசம் இருக்கும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், குறைத்துச் சொல், கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே என்பதுதான் நாங்கள் வளர்ந்த முறை. எத்தனை காவலரண்களில் அந்த முறை என்னைக் காப்பாற்றியது! ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், நீங்களே நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுவன் என்றாள்.

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். ஒன்பது மாதம் என்றேன். அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். தகரம் அடித்தது, பலகை அடித்தது, பாதை மாற்றச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கள் முதல் ஆள் இல்லை, ஐயா," என்றார். "பின்னால ஆரோ வாறாங்கள் எண்டு இந்தப் பக்கத்தில ஒரு பிள்ளை சொன்னா, வீட்டில ஆரும் காணாமல் போனவையோ எண்டுதான் நான் தகப்பன்மாரிட்ட முதல் கேக்கிறனான்."

கேற்றடியில் நின்று கண்டேன் என்று சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

பெண்கள் வாட்டில் தாய் நிற்கலாம், தகப்பன் நிற்க முடியாது. மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் எனக்கு. இடையில் வீட்டுக்குப் போனால் கொட்டிலைப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு மரத்துக்குக் கீழே நாள் முழுக்க இருந்தேன். ஊர் மான்கள் இரண்டு வந்து, சாப்பாட்டுப் பார்சலின் தாளை இழுத்துத் தின்னும். அதுகளைக் கலைப்பது மட்டும்தான் எனக்கு இருந்த வேலை. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, எதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை, மான் கலைத்துக்கொண்டு இருந்தது.

மருந்து தொடங்கிய முதல் கிழமை அவளைப் பார்க்க முடியவில்லை. கை கால் இறுகி, மரப்பாவை நடப்பது போல் நடந்தாள். வாயால் நீர் வடிந்தது. பிறகு ஒரு இடத்தில் இருக்க முடியாமல் வாட்டின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்தாள். நோயைவிட மருந்துதான் அவளைக் கொல்லுகிறது என்று நான் கத்தினேன். இது மருந்தின் பக்க விளைவு, அளவைக் குறைத்து இன்னொரு குளிசை சேர்த்தால் சரிவரும் என்றார்கள். மூன்று நாளில் சரிவந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன், தாதி மிஸ் சிரித்துவிட்டு, எல்லா அப்பாமாரும் கத்துறவைதான் என்றார்.

சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. வாட்டுச் சோறு வேண்டாம், தாய் தீத்தினாலும் வேண்டாம். முட்டையும் வாழைப்பழமும் நான் கொண்டு போனபடியே இருந்தேன். ஒரு நாள் நசீர் நானா நெற்றியில் பிளாஸ்டரோடு மரத்தடிக்கு வந்து, ஒரு பார்சல் தந்தார். அவருடைய மனைவி கட்டியது. சோறும் மீனும். பார்சலைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, ஒட்டுத்தாளுக்கும் தாளுக்கும் குறுக்காகப் பேனையால் கையெழுத்து வைத்திருந்தது. இடையில் ஆரும் திறந்தால் கோடு விலகிவிடும், புள்ளை தானே பார்த்துத் திறக்கட்டும் என்றார். தங்கச்சிக்கும் அவர்கள் இப்படித்தான் செய்தார்களாம், அவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே எத்தனையோ வருடம் எடுத்ததாம்.

தர்ஷி பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோட்டின் இரண்டு பக்கத்தையும் நகத்தால் தடவினாள். கோடு கீறப் படித்தவள் அல்லவா. பிறகு திறந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ஜெயந்தி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நானும் அழுதேன், எனக்குத் திரும்புவதற்குச் சுவர் இருக்கவில்லை.

குரல்கள் ஒரே நாளில் போகவில்லை. முதலில் தூரப் போயின. பிறகு, அடுத்த வீட்டு ரேடியோ போலக் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை என்றாள். ஐந்தாம் கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அன்று டொக்டர் எங்களை இருத்தி வைத்துச் சொன்னதை நான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். குளிசையை நிறுத்தக் கூடாது. நித்திரை குறைந்தால், முட்டையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினால், கதை பாதியில் நின்றால், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்கக் கூடாது. வருத்தம் திரும்பி வரலாம். வந்தால் முதலில் வீட்டில் ஒருவருக்குத்தான் சொல்லுவாள். அந்த ஆள் அவளோடு சண்டை பிடிக்கவும் கூடாது, ஓம் என்று ஒத்துப்போகவும் கூடாது. எனக்குத் தெரியவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது என்று சொன்னால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, மெத்தைக்குக் கீழே ஜெயந்தி குளிசைகளைக் கண்டாள். பதினொன்று. நான் கத்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு தர்ஷியிடம் போனேன். ஏன் மகள் போடவில்லை என்று கேட்டேன். அவள் அமைதியாக, கணக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்.

"அது வருத்தம் எண்டு டொக்டர் சொல்லுறா. ஆனா நீங்களும் கண்டனீங்கள்தானே. ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம் வருமோ?"

இவ்வளவு நாளும் அவள் ஆருக்கும் சொல்லாமல் வைத்திருந்த சாட்சி நான். டொக்டர் சொன்னதெல்லாம், குளிசை எல்லாம், நான் சொன்ன ‘கண்டனான்’ என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

"இல்லை மகள்," என்றேன். "நான் காணேல்ல. பொய் சொன்னனான்."

அவள் என்னையே பார்த்தாள். "பெரியப்பாவுக்குப் பின்னால வந்தவனைக் கண்டனீங்களோ?"

"இல்லை. அவனையும் காணேல்ல."

"அப்ப அண்டைக்குக் கேற்றடியில நான் தனியத்தான் நிண்டனானா?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் எழுந்து போய், தாயிடம் குளிசையை வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அன்றிலிருந்து ஒழுங்காகப் போடுகிறாள். ஆனால் கொட்டிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நான் வேலித் தகரத்தைக் கழற்றினேன், யன்னல் பலகையைக் கழற்றினேன், அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. வருத்தம் திரும்பி வந்தால் முதலில் ஒருவருக்குச் சொல்லுவாள் என்றாரே டொக்டர். அந்த ஒருவன் நானாகத்தான் இருந்தேன். இப்போது அவள் ஆருக்குச் சொல்லுவாள்?

இன்று பின்னேரம் நான் ஒரு கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தர்ஷி கொட்டிலுக்கு வந்தாள். எண்ணெய்க் கலனின் மேல் இருக்கவில்லை, நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, கேற்றடிக்கு வாங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ."

கையைத் துடைக்காமலே போனேன். டொக்டர் சொன்னதை எழுதிய துண்டை நான் எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம். வேம்புக்குக் கீழே பார்த்தேன். மற்றப் பக்கமும் பார்த்தேன். வீதியில் இறங்கி முடக்குவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆராவது ஒருவன் நிற்கட்டும், ஒரு சிவப்பு ஹெல்மெட்டாவது கண்ணில் படட்டும் என்று அந்த நடை முழுக்க வேண்டிக்கொண்டேன்.

"ஆருமில்லை மகள்," என்றேன். "உனக்குப் பயமா இருக்குதெண்டு எனக்கு விளங்குது. ஆனா ஆருமில்லை."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் வேம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அங்கே ஒருவன் தெரிந்துகொண்டுதான் இருந்தான், அது எனக்கு விளங்கியது. பிறகு உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து, எண்ணெய் பிடித்த என் கையில் வைத்தாள்.

"அப்ப நாளைக்குக் காலமை போவம்," என்றாள். "நீங்களும் வாங்கோ."